கறுப்பி கற்பித்த பாடம்

"கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் அதன் பொருளை ஒரு கோழியிடமே கற்றுக்கொண்டோம்.

எங்கள் இல்லம் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உள்ளது. வீட்டின் பின்புறத்தில் பாட்டி நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார். அவற்றுள் ஒரு பெட்டைக்குக் கறுப்பி என்று பெயர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்தும் முட்டைகள் தருவிக்கப்பட்ட காலம் அது. அவ்வேளையில்தான் கறுப்பி முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கூடையை விட்டு எழ மறுத்தது. நெருங்கினால் இறகுகளைச் சிலிர்த்துக் கொத்த வந்தது. நோய் கண்டதோ என்று அஞ்சினோம்.

பாட்டி நகைத்தார். "நோய் ஒன்றுமில்லை கண்ணுகளா! அடைக்குப் படுத்திருக்கிறது" என்றார்.

அன்று மாலையே கூடையில் மணல் பரப்பி, உலர்ந்த புல்லை இட்டு, 10 முட்டைகளை அடைவைத்தார். இடி முழக்கம் கருவைத் தாக்காதிருக்க வேண்டும் என்று ஓர் இரும்பாணியையும் கரித்துண்டையும் உடன் வைத்தார். கறுப்பி நாளொன்றுக்கு ஒரு முறையே இறங்கும். இரை தின்று, நீர் பருகி, எச்சமிட்டு விரைந்து திரும்பும். அலகினால் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும்.

ஏழாம் நாள் இரவு, கைவிளக்கின் ஒளியில் முட்டைகளைப் பார்த்தோம். கருவுள்ள முட்டைகளில் செந்நரம்புகள் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தன. ஒன்று மட்டும் வெறுமையாய் இருந்தது. கூமுட்டை என்று பாட்டி அதனை அகற்றினார்.

ஒன்று குறைந்துவிட்டதே என்று எங்களுக்கு ஏக்கம். மறுநாள் பாட்டி அறியாமல், வேறு கோழிகள் இட்ட 3 முட்டைகளைக் கறுப்பியின் அடியில் வைத்தோம். நிறையக் குஞ்சுகள் வந்தால் நிறைய முட்டை கிடைக்கும் என்று கணக்கிட்டோம்.

21ஆம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்டது. மறுநாளுக்குள் ஒன்பது குஞ்சுகளும் வெளிவந்தன. 23ஆம் நாள் நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பியபோது, கறுப்பி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கூடையில் அந்த 3 முட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன. உண்மையைக் கூறினோம். பாட்டி ஒன்றை உடைத்துக் காட்டினார். மெல்லிய தூவி முளைத்த குஞ்சு அசைவற்றிருந்தது.

பாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "சூடு படும்வரை கரு உறங்கும். அதனால்தான் பல நாள் இட்ட முட்டைகளும் ஒரே நாளில் அடைவைத்தால் ஒன்றாகப் பொரிக்கின்றன. பிறந்த குஞ்சுக்கு வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாள் உணவாகும். அதுவரைதான் தாய் காத்திருக்கும். பிறகு பிறந்தவற்றைக் காக்குமா, பிறவாதவற்றைக் காக்குமா?" என்றார். எங்களால் விடை கூற இயலவில்லை. அவற்றை வாழையடியில் புதைத்தோம்.

அதன்பின் அடைவைக்கும் முட்டைகள் ஒவ்வொன்றிலும் பென்சிலால் குறியிடுகின்றோம். குறியில்லாத முட்டை கூடையில் காணப்பட்டால் அன்றே எடுத்துவிடுகின்றோம். குஞ்சு வேண்டாத காலத்தில் ஒரு கோழி அடைக்குப் படுத்தால், அதனை வெறுங்கூடையில் மெலிய விடுவதில்லை. அடியில் காற்றோட்டமுள்ள, உயர்த்திக் கட்டிய கம்பிக் கூண்டில் இட்டுத் தீனியும் நீரும் வைக்கின்றோம். வயிற்றுச் சூடு தணிந்து, சில நாட்களில் அடை தெளிகிறது. சிலர் கோழியை நீரில் அமிழ்த்துவர். பாட்டி அதற்கு இடங்கொடுப்பதில்லை.

மாணவத் தோழர்களே! ஒன்பது குஞ்சுகள் காலடியில் ஓடியபோதும் கறுப்பி ஒன்றையேனும் மிதித்துக் கொல்லவில்லை. மூன்று உயிர்கள் மடிந்தது எங்கள் பேராசையாலேயே. உங்கள் வீட்டுக் கோழி அடைக்குப் படுத்தால், எண்ணி வையுங்கள், குறியிட்டு வையுங்கள், பின்பு அதனிடமே விட்டுவிடுங்கள்.