கருங்காட்டுப் பாதையில் கோடை டயர்

ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில் கருங்காடு என்றொரு மலைநாடு உண்டு. ஷ்வார்ஸ்வால்ட் என்பது அந்நாட்டவர் அதற்கு வழங்கும் பெயர். பகலிலும் இருள் கவிந்து நிற்கும் ஊசியிலை மரங்களால் வந்த பெயர் இது. உங்கள் மகனோ தம்பியோ அந்த நாட்டில் தொழில் செய்பவராயின், நீங்கள் போகும்போது பாடன் பாடன் நகரிலிருந்து ஃபுரொய்டன்ஸ்டாட் வரை செல்லும் மலைப்பாதையில் ஒருமுறை அழைத்துப் போகச் சொல்லுங்கள். சுமார் 60 கிலோமீற்றர் தூரந்தான்.

ஏப்ரல் மாதத்தில் போனால் ஒரு புதுமையைக் காண்பீர்கள். புறப்படும் நகரில் மரங்கள் பூத்துக் குலுங்கும். மெல்லிய மேலங்கி போதும். வளைந்து வளைந்து ஏறி, 1000 மீற்றருக்கும் மேலேயுள்ள மும்மெல்ஸே என்னும் சிறிய ஏரியை அடைந்தால், நிழல் விழும் இடங்களில் இன்னும் பனி கிடக்கக்கூடும். கீழே 12 பாகை செல்சியஸ் என்றால் மேலே 6 அல்லது 7 பாகைதான். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பருவங்கள்!

அந்நாட்டு மக்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை காரின் டயர்களை மாற்றுவது ஏன் என்பது இங்கேதான் விளங்கும். 'ஓ முதல் ஓ வரை' என்று ஒரு வழக்குச் சொல் அவர்களிடம் இருக்கிறது. ஒக்டோபர் முதல் ஓஸ்டர்ன், அதாவது உயிர்த்த ஞாயிறு வரை பனிக்கால டயர். பிறகு கோடை டயர். சட்டம் தேதி எதையும் குறிக்கவில்லை. ஆனால் பனியோ உறைநீரோ படிந்த வீதியில் கோடை டயருடன் ஓட்டினால் அபராதம் உண்டு. ஆகவே கீழே வெயிலடிக்கிறது என்று நம்பி அவசரப்பட்டு மாற்றியவர், மலையேறும்போது ஆபத்தில் சிக்கலாம்.

காரணம் இதுதான். கோடை டயரின் இறப்பர்க் கலவை வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே அது இறுகத் தொடங்கும். வீதியைப் பற்றும் சக்தி குறையும். பனிக்கால டயரோ குளிரிலும் மிருதுவாக இருக்கும்; ஆனால் வெயிலில் மிகையாக இளகி, பிரேக் பிடித்தால் நிற்கக் கூடுதல் தூரம் ஓடும்.

கோடை டயர்களுள் உயர்திறன் டயர் என்றொரு வகையும் உண்டு. அகலம் அதிகம், பக்கச் சுவர் குட்டை, வளைவில் கார் சொன்னபடி திரும்பும். ஆனால் விலை கூட. பொதுவாகத் தேய்வதும் விரைவு. குழியில் விழுந்தால் சக்கரத்தின் விளிம்புக்கும் அடிபடலாம். வேகமாக ஓடும் காருக்கு அது தேவை. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குடும்பக் காருக்கு அவசியமா என்று கேளுங்கள்.

டயரின் பக்கத்தில் 225/45 ஆர் 17 94 வை என்று எழுதியிருந்தால் மலைக்க வேண்டாம். 225 அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு இத்தனை. 17 சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேக எல்லை: எச் 210, வி 240, டபிள்யூ 270, வை 300 கிலோமீற்றர். காரின் பத்திரத்தில் குறித்த அளவுக்கும் எழுத்துக்கும் குறையக் கூடாது. அதற்கு மேற்பட்ட எழுத்துக்காக மட்டும் பணத்தைக் கொட்டுவதால், மழையில் கார் சீக்கிரம் நின்றுவிடாது.

மழைதான் உண்மையான பரீட்சை. ஐரோப்பாவில் 2012 முதல் புதிய டயர்களுக்கு ஓர் அட்டை உண்டு. அதில் ஈரவீதியில் பற்றும் திறனுக்கு 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் போடுகிறார்கள். 80 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால், 'ஏ'க்கும் 'ஈ'க்கும் இடையிலான வித்தியாசம் பல மீற்றர்கள். வீதியைக் கடக்கும் ஒரு பிள்ளையின் உயிர் அந்தச் சில மீற்றர்களில் இருக்கிறது.

இம்மலையின் வடவாசல் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கண்டுபிடித்த காரில் இரு மகன்மாருடன் மன்ஹைமிலிருந்து இங்கு ஓட்டி வந்தார். ஏறத்தாழ 100 கிலோமீற்றர். அந்தக் காரில் காற்றடைத்த டயர் கிடையாது. வழியில் பிரேக் தேய்ந்துபோகவே, செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் செய்தார். ஓடுவதைவிட நிற்பது முக்கியம் என்பது அன்றே அப்பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

நீங்களும் பார்க்கலாம். 1 யூரோ நாணயத்தின் பொன்னிற விளிம்பு சுமார் 3 மில்லிமீற்றர். அதை டயரின் பள்ளத்தில் வைத்தால் விளிம்பு மறைய வேண்டும்; வெளியே தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சட்டம் 1.6 வரை இடங்கொடுத்தாலும், மழைக்கு அது போதாது. டயரின் வயதை நான்கு இலக்கங்கள் சொல்லும்: 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் 12ஆம் வாரம்.

நம் நாட்டில் பனியில்லை. ஆண்டு முழுவதும் கோடை டயர்தான். ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் பெய்யும் மழையும் மழைதானே! அடுத்த முறை வீட்டுக் காருக்கு டயர் வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், அந்த நான்கு இலக்கங்களையும் பள்ளத்தின் ஆழத்தையும் நீங்களே குனிந்து பாருங்கள்.