நூலும் சேலையும்

‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்பது தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளை சினந்தால் ‘அப்படியே அப்பன் குணம்’ என்பர். கூச்சத்துடன் ஒதுங்கினால் ‘பிறவிக் குணம் மாறுமா?’ என்பர். அச்சொற்களைக் கேட்டு வளரும் பிள்ளையின் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது: குணம் பிறக்கும்போதே எழுதி முடிக்கப்பட்டதா?

விடை தேடிய அறிவியல் இரட்டையரை நாடியது. ஒரே கருவிலிருந்து தோன்றும் இரட்டையரின் மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒத்தவை. அவர்கள் வெவ்வேறு வீடுகளில் வளர நேர்ந்தால், பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் பிரித்தறிய வழி கிடைக்கிறது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்து, சில வாரங்களிலேயே தனித்தனிக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட இரு சகோதரர்கள், தம் 39ஆம் வயதில், 1979இல் சந்தித்தனர். இருவருக்கும் ஜிம் என்றே பெயர். இருவருக்கும் தச்சுவேலையில் ஆர்வம். இருவருக்கும் ஒரே வகைத் தலைவலி. செய்தியறிந்த மின்னசோட்டாப் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் பூஷார்ட் அவர்களை அழைத்து ஆராய்ந்தார். பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. பெயர் சூட்டும் மரபணு எதுவுமில்லை. ஆயினும், பிரிந்து வளர்ந்த இரட்டையர் பலரைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, மக்களிடையே காணப்படும் ஆளுமை வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது எனத் தெரிந்தது.

இந்தப் ‘பாதி’ பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவரது பொறுமையில் பாதி பெற்றோரிடமிருந்தும் மறுபாதி பள்ளியிலிருந்தும் வந்தது என்பது இதன் பொருளன்று. இது ஒரு மக்கள் தொகுதிக்குரிய அளவு; தனிமனிதரை அளக்கும் கோல் அன்று. மேலும், ஒரு பண்புக்கு ஒரு மரபணு என்பதும் இல்லை. மூளையின் டோபமைன் ஏற்பி ஒன்றுக்குரிய மரபணு, புதுமை நாடும் குணத்தோடு தொடர்புடையது என்று 1996இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில், ஆளுமைக்குத் துணைபுரிகின்றன என்பதே இன்றைய தெளிவு.

இத்தெளிவு இல்லாத காலத்தில் நேர்ந்த கொடுமை பெரிது. குணமும் அறிவும் குருதியிலேயே முடிவாகின்றன என்று நம்பியோர், ‘தகுதியற்றோர்’ எனச் சிலரை முத்திரை குத்தினர். 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் அத்தகையோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. 60,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ‘பிறவிக் குணம்’ என்ற வீட்டுப் பேச்சு, அங்கே அரசின் தீர்ப்பாகவே மாறியது.

அந்த இரு ஜிம்களிடமும் வேற்றுமைகள் இருந்தன. ஒருவர் பேச்சில் வல்லவர். மற்றவர் எழுத்தில் வல்லவர். ஒரே மரபணுத் தொகுதி இரு வாழ்க்கைகளில் இரு விதமாக மலர்ந்தது.

கூச்சமுள்ள மாணவி ஒருத்தி நடுங்கும் குரலில் மேடையேறிப் பேசத் தொடங்கும்போது அவளது மரபணு மாறுவதில்லை; அவளது கூச்சமும் அன்றே மறைந்துவிடுவதில்லை. ஆனால், அடுத்த முறை குரல் சற்றே குறைவாக நடுங்குகிறது. நூல் பிறப்போடு வருவது. நெசவு நாள்தோறும் நடப்பது. பாதி நெய்த சேலைக்கு விலை சொல்வது எவருக்கும் அழகன்று.