நினைவில் இருந்தால் போதுமா?



கொடுக்கல் வாங்கலைப் பேரேட்டில் எழுதி வைப்பது நம் பெரியவர்களின் வழக்கம். வாய்ச்சொல் மறந்துபோகும், ஏட்டில் பதிந்தது நிற்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அந்தப் பேரேடு இன்று கணினிக்குள் குடியேறிவிட்டது. ஆனால், அந்தக் கணினியை எவ்வாறு அமைத்தோம் என்பதை மட்டும் பல நிறுவனங்கள் எங்கும் எழுதி வைப்பதில்லை. அது யாரோ ஒருவருடைய நினைவில் இருக்கிறது. இதனால் விளையும் இடர் எத்தகையது, அதற்கு வழி என்ன என்பதை என் தொழில் அனுபவத்தைக் கொண்டு உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஊதியக் கணக்கு, வங்கி இருப்பு, மாணவரின் மதிப்பெண், நோயாளியின் குறிப்பு ஆகிய யாவும் இன்று தரவுத்தளம் எனப்படும் டேட்டாபேஸில் உறைகின்றன. அதைத் தாங்கி நிற்கும் கணினியே டேட்டாபேஸ் சர்வர். 'போஸ்ட்கிரஸ்' என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவியவுடன் நினைவகத்தில் 128 மெகாபைட்டைத்தான் தன் பொதுத் தேக்கமாக அது எடுத்துக்கொள்ளும். 32 ஜிகாபைட் நினைவகம் உள்ள சர்வரில் அதன் கால்பங்கை, அதாவது 8 ஜிகாபைட்டைத் தொடக்க அளவாக ஒதுக்குவது வழக்கம். எந்தக் கணினியிலிருந்து யார் உள்ளே வரலாம், யார் எதைப் படிக்கலாம், எதை மாற்றலாம், இரவில் எத்தனை மணிக்கு நகல் எடுக்க வேண்டும், அந்த நகல் எங்கே செல்ல வேண்டும் என்று இருபது முப்பது ஏற்பாடுகள் அதன்பின் உண்டு. அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் சர்வர் ஓடத்தான் செய்யும். குறை மூன்று மாதம் கழித்து, ஒரு நெருக்கடியான நாளில் வெளிப்படும்.

நான் பணிபுரியும் காலணித் தொழிற்சாலையில் இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் அறிந்தவர் ஒரே ஒருவர்தாம். வயதில் மூத்தவர், திறமைசாலி, தங்கமான மனிதர். நாங்கள் ஏதேனும் கேட்டால், "தம்பி, எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்பார். அவர் மகளின் நிக்காஹ் நாளில்கூட அலுவலகத்திலிருந்து மும்முறை அழைப்பு சென்றது. இன்றியமையாத மனிதர் என்று அனைவரும் அவரைப் புகழ்ந்தோம். அந்தப் புகழே அவருக்கு ஒரு விலங்காகிவிட்டது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

இதய சிகிச்சைக்காக அவர் மருத்துவமனையில் சேர்ந்த வாரத்தில் சர்வரின் வட்டு பழுதடைந்தது. நல்லவேளையாக, தரவின் நகல் பத்திரமாக இருந்தது. ஆனால், புதிய கணினியைப் பழையதுபோல் அமைப்பது எப்படி? நால்வர் மூன்று நாட்கள் போராடினோம். 7ஆம் தேதி தர வேண்டிய சம்பளம் 10ஆம் தேதிதான் கைக்கு வந்தது. சம்பளத் தேதியை நம்பி வாடகைக்கும் மளிகைக் கடைக்கும் வாக்குக் கொடுத்திருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த மூன்று நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வேறு வழியின்றி மருத்துவமனைக்கே தொலைபேசியில் அழைத்தார் எங்கள் மேலாளர். எடுத்துப் பேசியவர் அந்தப் பெரியவரின் மனைவி. "அவர் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய கம்பெனியில் வேறு ஒருவருக்குமா இது தெரியாது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கான விடையைக் கணினி உலகம் முப்பதாண்டுகளுக்கு முன்பே தேடத் தொடங்கிவிட்டது. 1993ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜஸ், தம் துறையின் பலவகைக் கணினிகளைப் பராமரிப்பதற்காக 'சிஎஃப் எஞ்சின்' என்னும் கருவியை உருவாக்கினார். பின்னர் 2005இல் 'பப்பெட்', 2009இல் 'செஃப்', 2012இல் 'ஆன்சிபிள்' ஆகியவை வந்தன. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு பைலில் எழுதிக் கொடுத்தால் அதன்படி தாமே அமைத்துவிடும் கருவிகள் இவை.

இவற்றின் சூட்சுமம் எளியது. "குடத்தில் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்று" என்று ஒருவரிடம் சொன்னால், சொல்லும்போதெல்லாம் ஊற்றுவார், குடம் வழியும். "குடத்தில் கழுத்தளவு தண்ணீர் இருக்க வேண்டும்" என்று சொன்னால், முதலில் எட்டிப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஊற்றுவார், நிறைந்திருந்தால் வாளாவிருப்பார். இக்கருவிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரே பைலைப் பத்து முறை ஓட்டினாலும், ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், மாறுபட்டிருப்பதை மட்டுமே திருத்தும்.

கையால் செய்வதே பாதுகாப்பு என்று எண்ணுவோர் உண்டு. அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டியிருக்க, ஏழில் மட்டும் ஏற்றப்பட்டது, ஒன்று விடுபட்டது. 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள் சந்தை திறந்ததும் அந்த ஒற்றை சர்வரில் இருந்த பழைய மென்பொருள் தாறுமாறாக ஆணைகளை அனுப்பியது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு! இது தரவுத்தளக் கதையன்று எனினும், எட்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதைக் கருவி பார்க்காமல் கண்ணும் கையும் மட்டும் பார்த்தால் என்னாகும் என்பதற்கு இது சான்று.

பெரியவர் நலமடைந்து பணிக்குத் திரும்பியதும் ஒரு மாத காலம் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். ஆன்சிபிள் கருவியைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வோர் அமைப்புக்கும் "இது ஏன்?" என்பதையும் பக்கத்திலேயே குறித்தோம். கடவுச்சொற்களைப் பூட்டிய தனிப் பைலில் வைத்தோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும்படி செய்தோம். இப்போது வெறுங்கணினி ஒன்று தரவை ஏற்கும் நிலைக்கு வர அரைமணி நேரம் போதும்.

எனினும் கருவியைக் கண்மூடி நம்பிவிடலாகாது. அது வீட்டைக் கட்டித் தரும். வீட்டுச் சாமான்களைக் கொண்டுவராது. தரவை நகலிலிருந்துதான் மீட்க வேண்டும். பைலில் போஸ்ட்கிரஸின் பெரும்பதிப்பு எண்ணை மாற்றிவிட்டால் மட்டும் பழைய தரவு புதிய பதிப்புக்கு மாறிவிடாது. அது தனி வேலை. கைப்பிழை ஒரு சர்வரைக் கெடுக்கும். பைலில் உள்ள பிழையோ எல்லாவற்றையும் ஒருசேரக் கெடுக்கும். ஆகவே முதலில் ஒத்திகை, பிறகு சோதனைக் கணினி, அதன்பின் ஒவ்வொன்றாக என்பதே முறை.

'கிட்லேப்' நிறுவனத்தின் அனுபவம் இதனினும் கூர்மையானது. 2017 ஜனவரி 31ஆம் நாள் அங்கே ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் தரவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது ஏறத்தாழ 4.5 ஜிகாபைட். நகலைத் தேடியபோது, தானாக நகலெடுக்கும் வேலை தோற்றுக்கொண்டிருந்தது தெரிய வந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, நகலெடுத்த கருவியோ 9.2ஆம் பதிப்பு. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக ஒருவர் எடுத்திருந்த நகலே கைகொடுத்தது. இவையனைத்தையும் அந்நிறுவனமே உலகறிய வெளியிட்டது பாராட்டுக்குரியது. தானாக நடக்கிறது என்பதும் சரியாக நடக்கிறது என்பதும் வேறு வேறு என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"எல்லாவற்றையும் கருவியே செய்தால் எங்கள் பிள்ளைகளின் வேலை என்னாவது?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். குடத்தில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது கருவிக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய, தொழிலை உணர்ந்த மனிதர் வேண்டும். கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டுபவருக்குத் தேவை குறையலாம். காரணம் அறிந்து எழுதுபவருக்குத் தேவை குறையாது. எனவே, இத்துறையில் நுழையும் இளைஞர்களே, வீட்டில் உள்ள பழைய கணினி ஒன்றில் லினக்ஸ், போஸ்ட்கிரஸ், ஆன்சிபிள் மூன்றையும் பழகுங்கள். மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பவை. சர்வரை எழுதி உருவாக்குங்கள்; முழுவதும் அழியுங்கள்; எழுதியதை மட்டும் கொண்டு மீண்டும் உருவாக்குங்கள்.

நிறுவனம் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, விவரம் அறிந்தவரை விலகி உட்காரச் சொல்லிவிட்டு, மற்றொருவரைக் கொண்டு பைலையும் நகலையும் மட்டும் வைத்து ஓர் உபரிக் கணினியில் சர்வரை எழுப்பிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் எழுதப்படாத அறிவு ஒளிந்திருக்கிறது. பிறருடைய கூலிக் கணக்கு நம் கையில் உள்ள அமானிதம். அது ஒரு மனிதரின் உடல்நலத்தை நம்பி நிற்பது அந்த மனிதருக்கும் நீதியன்று, கூலிக்குக் காத்திருப்போருக்கும் நீதியன்று.