பேராதனைப் பூந்தோட்டமும் பெரிய தந்தையாரின் கொப்பியும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் காரணங்கள் யாவை, அதன் பிரதான திருப்பங்கள் யாவை என்று எம்மை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் ஒப்புவிப்போம். எமது கல்லூரிச் சரித்திர ஆசிரியர் அவ்வண்ணம் எம் மனத்திற் பதித்துவிட்டார். 1919இல் வேர்சேயில் எழுதிய உடன்படிக்கை யேர்மனியர் நெஞ்சில் உண்டாக்கிய புண், 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம், சர்வதேச சங்கத்தின் பலவீனம், ஹிட்லரின் நாடு பிடிக்கும் ஆசை, 1938இல் மியூனிச்சில் அவருக்குக் காட்டிய இணக்கம் என்றிவை கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். யப்பானுக்குப் பலகையின் அடியில் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். எமது குடும்பத்தின் யுத்தம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்ளே கிடந்தது என்பதை அந்நாளில் நாம் அறிந்திலோம்.

எமது பெரிய தந்தையார் 1926இல் மலாயாவுக்குக் கப்பலேறி, ஈப்போவிலே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகப் பெரியம்மாவை 1940இல் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் தனியே அங்கிருந்தார். மாதந்தோறும் மணியோடர் வரும். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மணியோடரும் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை வருடம் ஒரு வரிச் செய்தியேனும் இல்லை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இத்தகைய வீடுகள் எத்தனையோ இருந்தன. தபாற்காரர் படலையைத் தாண்டிப் போகும்வரை பெரியம்மா முற்றத்திலேயே நிற்பாராம். பொட்டு வைப்பதா, விடுவதா என்று ஊரிற் சிலர் தமக்குள் பேசிக்கொண்டதும் அவர் காதுக்கு எட்டியதாம். அவர் பொட்டை விடவில்லை. நாம் அப்போது கைக்குழந்தை. இவையெல்லாம் பின்னர் கேட்டறிந்தவை.

பெரிய தந்தையார் 1946இல் திரும்பி வந்தார். மலாயாவைப் பற்றி எதுவும் பேசமாட்டார். யாராவது கேட்டால் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

நாம் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த 1963ஆம் ஆண்டில், கண்டிக்கு ஒரு காரியமாக வந்தவர் எம்மையும் பார்த்துப்போக வந்தார். சரித்திர மாணவனாகிய நாம் எமது வித்துவத்தைக் காட்ட இதுவே தருணமென எண்ணி, அவரைப் பூந்தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் அத்தோட்டத்தின் அழகை அங்கு பயின்ற பழைய மாணவருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அவர் தேவியாரும் நட்ட நாகலிங்க மரமொன்று உண்டு. அதன் காயைக் கண்ட ஆங்கிலேயர் அதற்குப் பீரங்கிக் குண்டு மரமென்று பெயர் வைத்தனர். எம்மவர் பூவைக் கண்டு நாகலிங்கம் என்றனர். மரம் நட்ட அந்த மன்னரும் யேர்மனியச் சக்கரவர்த்தியும் ஒரு பாட்டியின் பேரர். 1914இல் அவ்விருவர் படைகளும் ஒன்றையொன்று கொன்று குவிக்க அவ்வுறவு தடையாகவில்லை. இத்தனையையும் பெரிய தந்தையாருக்குச் சொன்னோம். அவர் பூவை முகர்ந்து பார்த்தார்.

பின்பு பெரிய புல்வெளிக்கு வந்தோம். மவுண்ட்பற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து இத்தோட்டத்துக்கே வந்தது என்றும், கொட்டில்கள் போட்டு ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர் இங்கிருந்தே பர்மா யுத்தத்தை நெறிப்படுத்தினர் என்றும் விளக்கினோம். கீழைத்தேச யுத்தத்தின் வரலாற்றையும் வரன்முறையாகவே சொன்னோம். 1937 முதல் சீனத்தில் அகப்பட்டிருந்த யப்பானுக்கு 1941 யூலையில் அமெரிக்கா எண்ணெயை மறித்தது. எண்ணெயும் இறப்பரும் தேடி அது தெற்கே பாய்ந்தது. மலாயா போயிற்று. மார்ச்சில் இரங்கூனும் போகவே எமக்குப் பர்மா அரிசி இல்லையென்றாகிக் கூப்பன் வந்தது. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், ஒன்பதாந் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அவ்விமானங்களைச் சுமந்து வந்த ஐந்து பெருங் கப்பல்களில் மூன்று, இரண்டு மாதத்துக்குள் மிட்வேயிற் கடலின் அடிக்குப் போயின. கடலில் யுத்தம் திரும்பிய இடம் அதுவே.

"அதுக்குப் பிறகுதான் எங்களைக் கொண்டுபோனவங்கள்," என்றார் பெரிய தந்தையார்.

நாம் திகைத்தோம். அவர் வாய் திறந்தது அதுவே முதற்றடவை. மிட்வேக்குப் பின் சிங்கப்பூரைச் சுற்றி இரங்கூனுக்குச் செல்லும் கடல்வழி யப்பானியருக்கு ஆபத்தாயிற்று. பர்மாவிலுள்ள தம் படைக்கு உணவும் வெடிமருந்தும் அனுப்பச் சீயத்திலிருந்து காடும் மலையும் ஊடறுத்து 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதை வெட்டினர். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. சில மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஏற்றினர். பின்னர் சொல்லாமலே பிடித்து ஏற்றினர். கணக்கெழுதப் புகையிரத எழுதுவினைஞர் சிலரும் அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவர் எமது பெரிய தந்தையார்.

அவர் கையில் ஒரு கொப்பி இருந்தது. ஆளின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் என மூன்று நிரல். விடிந்ததும் பெயர் கூப்பிட வேண்டும். பதில் வராத பெயரை வெட்ட வேண்டும். 1943ஆம் ஆண்டு மழையோடு வாந்திபேதி வந்தபோது ஒரு காலையில் ஒரு பக்கம் முழுவதையும் வெட்டினாராம். "நான் ஒருத்தரையும் அடிக்கேல்லைத் தம்பி. எழுதினன், வெட்டினன். அவ்வளவுதான் என்ரை வேலை," என்றார். அதைச் சொல்லும்போது எம் முகத்தைப் பாராது ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர் 90,000 அளவில் என்று மதிப்பிடுகின்றனர். முன்னவருக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. பின்னவருக்கு மதிப்பீடுதான் உண்டு. 1957இல் வெளிவந்து உலகமெங்கும் ஓடிய குவாய் நதிப் பாலப் படம் எமது கித்துள்கலையிலே பிடிக்கப்பட்டது. அதன் கதை ஆங்கிலேயக் கைதிகளின் கதை. தோட்டத்துத் தமிழனின் சாவுக்கு அதில் இடமில்லை. நாமும் அதை இருமுறை பார்த்து மகிழ்ந்தவரே.

"இஞ்சை எப்ப வந்தவங்கள்?" என்று கேட்டார். 1944 ஏப்ரல் என்றோம். விரல் மடித்து எண்ணினார். "பாதை முடிஞ்சது நாற்பத்துமூன்று ஒக்டோபர்," என்றார்.

சரித்திரத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எம்முடையதென எண்ணினோம் போலும். மலாயாவிலும் சுமாத்திராவிலும் கடல்வழியாக இறங்க முன்னமே எண்ணமிருந்ததையும், படையிறக்கும் படகுகள் ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தமையால் அது தள்ளிப்போனதையும் கூறினோம். யப்பானியர் அந்தப் பாதையை நம்பி 1944 மார்ச்சில் இம்பால்மேற் சென்று, கொஹிமாவிலும் முறியடிக்கப்பட்டு, வந்த 85,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேரைப் பசிக்கும் நோய்க்கும் குண்டுக்கும் பலிகொடுத்துத் திரும்பியதையும் சொன்னோம். அங்கே ஸ்லிம் தளபதியின் சேனையில் சென்னைச் சிப்பாய்கள் நின்றனர். எதிரில் நேதாஜியின் சேனை. அதில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்தனர். "எங்கடை பொடியள் இரண்டு பக்கமும்," என்று மட்டும் சொன்னார். பிறகு, "அப்ப, படகு இல்லை," என்றார். அவர் எம்மைக் கண்டிக்கவில்லை. ஆயினும் வகுப்பிற் சொல்லி மதிப்பெண் பெற்ற அந்த விடையை அன்று சொன்னதற்கு நாம் இன்றும் நாணுகிறோம்.

1945 ஓகஸ்டில் அணுகுண்டு விழ, யப்பான் பணிந்தது. பேராதனையிலே திட்டமிட்ட படை செப்டெம்பர் 9ஆந் திகதி மலாயாக் கரையில் எதிர்ப்பின்றி இறங்கியது. சீயத்துப் பாளையத்துக்கு வந்த ஓர் அதிகாரி விசாரணைக்கென்று கொப்பியை வாங்கிச் சென்றாராம். பிறகு அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அன்று பிற்பகல் அவரே கேட்டுக்கொண்டமையால் கண்டி யுத்த மயானத்துக்கும் போனோம். ஏறக்குறைய இருநூறு கல்லறைகள். ஆங்கிலேயர், இலங்கையர், இந்தியர், கிழக்காபிரிக்கர் என வரிசை. பெரிய தந்தையார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு கல்லையும் தவறவிடாது வாசித்தார். ஆபிரிக்கப் பெயர்களை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார். எமக்குக் கால் கடுத்தது. "வடிவாய் எழுதியிருக்கிறாங்கள்," என்றார்.

இரவு பொல்காவலைச் சந்தியில் யாழ்ப்பாண மெயில் வண்டிக்காகக் காத்திருந்தோம். வாங்கிலிருந்தவர் திடீரென, "கொப்பி ஏதும் கையில் இருக்கோ?" என்றார். எமது சரித்திரக் குறிப்பின் கடைசித் தாளைத் திருப்பிப் பிடித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம்: ஆளின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர். சிலவற்றில் தகப்பன் பெயர் வரவில்லை. அவ்விடத்தை விட்டு வைக்கச் சொன்னார். முப்பத்தொன்றாவது பெயருக்கு வண்டி வந்துவிட்டது. மிகுதியை ஊருக்கு வரும்போது சொல்வதாகக் கூறி ஏறினார்.

நாம் விடுமுறைக்கு ஊர் சென்றபோது மேலும் பன்னிரண்டு சொன்னார்.