செம்பனைக் கன்றும் மெத்தில் குறியும்

செம்பனைக்கு வளர்நுனி ஒன்றுதான். கிளை இல்லை, பதியன் போட வழியில்லை. நன்றாகக் காய்க்கிற மரத்தைப் போலவே இன்னொன்று வேண்டுமென்றால் திசு வளர்ப்புதான் கதி. அதுதான் என் வேலை. இளங்குருத்தில் வெட்டிய சிறு துண்டு காலஸாகத் திரண்டு, கருவுருவாகி, வேர்விட்டுக் கன்றாக நிற்பதைப் பார்க்கும் நிறைவு எனக்கு இன்றும் குறையவில்லை.

அப்படி வளர்ந்த கன்றுகளில் சில, காய்ப்புக்கு வரும்போது கோணிப்போகும். பெண்பூவில் வளராமல் நிற்க வேண்டிய மகரந்தத்தாள்கள் சூலகம்போல மாறி, காயைச் சுற்றி மூடிக்கொள்ளும். பாதிப்பு கடுமையானால் காய் வெம்பும், எண்ணெய் தேறாது. இது தெரியவருவதற்குள் நட்டு மூன்று ஆண்டுபோல ஆகிவிடும். தாய்மரத்துக்கும் இந்தக் கன்றுக்கும் டிஎன்ஏ எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். பிறகு எங்கே பிசகியது?

2015இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லாவும் குழுவினரும் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் டிஃபிசியன்ஸ் மரபணுவுக்குள் 'கர்மா' என்ற தாவும் மரபுக்கூறு ஒன்று கிடக்கிறது. டிஎன்ஏ எழுத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக் குறிகளான மெத்தில் குறிகள் அதன்மேல் அடர்ந்திருக்கும்வரை அது அடங்கியிருக்கும். திசு வளர்ப்பில் அந்தக் குறிகள் உதிர்ந்த செல்களிலிருந்து வரும் மரத்தில், மரபணுவின் செய்தி பாதியில் முறிந்து பூ தடம்மாறுகிறது.

குறியைப் படிப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த முறை பைசல்ஃபைட். மெத்தில் ஏறாத சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்தை அது யுராசிலாக மாற்றிவிடும். மெத்தில் ஏறியது அப்படியே நிற்கும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வரிசையை ஒப்பிட்டால் குறி எங்கே இருந்தது என்பது எழுத்தெழுத்தாகத் தெரியும். எவ்வளவு எளிய வேதியியல், எவ்வளவு பெரிய பயன்!

பாலூட்டிகள் இக்குறிகளில் பெரும்பகுதியைக் கருவின் தொடக்கத்திலேயே அழித்துவிடுகின்றன. தாவரங்கள் பலவற்றை விதைக்குள்ளும் கொண்டுபோகின்றன. சிவக்காத தக்காளி ஒன்றில், எழுத்து மாறாமல் மெத்தில் மட்டுமே கூடித் தலைமுறை தாண்டியதை 2006இல் காட்டினார்கள். செம்பனைக் கோளாறோ மெண்டலின் மரபுவிதிக் கணக்குக்கு அடங்குவதில்லை. சில மரங்களில் தானாகவே சீராகியும் விடுகிறது. ஆகவே மகசூலைப் பார்த்துத் தாய்மரம் தேர்வது பாதி வேலைதான். குளோன் கன்று ஒவ்வொன்றின் குறியையும் பார்த்தால்தான் மீதிப் பாதி முடியும்.

நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துணுக்கு போதும், சோதித்துவிடலாம். குளோன் கன்று வாங்கும் சிறுதோட்டக்காரர்களே, கர்மா சோதனை முடிந்த கன்றுதானா என்று கேட்டு வாங்குங்கள். நட்ட மரம் 25 ஆண்டு உங்கள் நிலத்தில் நிற்கப்போகிறது.