மழை விட்ட பிறகு கோடிக்கரை

சிங்கப்பூரில் யாரிடமாவது வேதாரண்யத்துக்காரன் என்று சொன்னால் அடுத்த கேள்வி கஜாவைப் பற்றித்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை அந்தப் புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது நான் ஊரில் இல்லை. விழுந்த மாமரங்களையெல்லாம் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. அதற்கு முன்பே ஊருக்குப் போய்வருவது விட்டுப்போயிருந்தது. இந்தத் தை மாதம்தான் மறுபடி போக வாய்த்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. பழைய மீட்டர்கேஜ் தடத்தை அகலமாக்கி 2023 ஏப்ரலில் திறந்தார்கள், 37 கிலோமீட்டர். வழியெல்லாம் சம்பா. பாதி நிமிர்ந்து நின்றது, பாதி சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. "மார்கழியிலயும் மழை விடல பெரியப்பா, அறுப்பு மெஷின் எறங்க முடியல" என்றான் கூட வந்த தம்பி மகன்.

வயலைக் கெடுத்த அந்தத் தண்ணீர் வீணாய்ப் போவதில்லை. முள்ளியாறு, மானங்கொண்டான் ஆறு என்று காவிரியின் கடைமடை வடிகால்கள் வழியே தெற்கே இறங்கிக் கோடிக்கரைச் சதுப்பில் சேர்கிறது. கோடையில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும் தரை அது. மழைநீரும் கடல்நீரும் கலந்து அங்கே முழங்கால் அளவு நின்றால் பாசியும் பொடி இறாலும் புழுவும் பெருகும். வலசைப் பறவைகள் இவ்வளவு தூரம் பறந்து வருவது அதற்காகத்தான்.

ராஜாஜி 1930 ஏப்ரலில் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளியைத் தாண்டினோம். உப்பளத்தில் பாத்தி சீர்செய்துகொண்டிருந்தார்கள். அதற்கப்பால் பூநாரைகள் நின்றன. வெயில் ஏறாத நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடு. ஒரு கூட்டம் கிளம்பிச் சிறகை விரித்ததும் உள்ளே இருந்த சிவப்பும் கருப்பும் தெரிந்தன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டித் தின்னும் பறவை, அவசரமே கிடையாது. காலடியில் உள்ளான்கள்தான் பரபரத்தன. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகிறார்கள். சைபீரியா வரை போய்வரும் சிறு பறவைகளும் அவற்றில் உண்டு. சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் உள்ளான் பார்த்திருக்கிறேன். அங்கே பலகைப் பாதையும் மறைவிடமும் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே சேறுதான் பாதை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. என் மனைவிக்கு இல்லை.

கோடிக்கரைக் காட்டில் கஜாவின் காயம் இன்னும் தெரிகிறது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் ஈரநிலம் என்ற பெயரெல்லாம் காற்றைத் தடுக்காதே. அந்தப் புயலில் மான்களும் மட்டக்குதிரைகளும் ஏராளமாகச் செத்தன. சதுப்பு மீண்டும் நிரம்ப ஒரு நல்ல மழைக்காலம் போதும். விழுந்த பாலை மரம் எழ ஒரு தலைமுறை வேண்டும். வெளிமான்கள் மட்டும் புல்வெளியில் பழையபடி நிற்கின்றன, முறுக்கிய கொம்போடு. அந்தப் புல்வெளியையும் சீமைக்கருவேலம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் காயைக் குதிரைகள் தின்று சாணியோடு விதையைப் பரப்புகின்றன. புயலைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

கடற்கரையில் பருவத்துக்கு மீன்பிடிக்க வெளியூரிலிருந்து வந்தவர்களின் கொட்டகைகள் வரிசையாக இருந்தன; ஐப்பசியில் வந்து பங்குனியில் திரும்பிவிடுவார்கள். சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தைத் தேடினேன். அதை 2004 சுனாமியே கொண்டுபோய்விட்டது. மணலில் ஆமை ஏறிய தடம் கிடந்தது. பங்குனி ஆமை முட்டையிடும் பருவம் தொடங்கிவிட்டது. முட்டைகளை வனத்துறை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், விடியும்போதே போய்விடுங்கள். உள்ளூர்க்காரர் யாரையும் கேட்காமல் சதுப்பில் காலை வைக்காதீர்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பெய்ததா என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுங்கள். பொய்த்திருந்தால் உப்பைத்தான் பார்ப்பீர்கள்.