அண்ணனின் பேஸ் கித்தார்

அண்ணன் விட்டுச்சென்ற பேஸ் கித்தாரை, அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், சென்ற மாதம் வெளியே எடுத்தேன். ஒலிபெருக்கியில் இணைத்ததும் இசைக்கு முன்பாக எழுந்தது இரைச்சலே. “பிக்கப்பை மாற்றிவிடலாம் ஐயா, புதியது போட்டால் தீர்ந்துவிடும்” என்றார் பழுதுபார்க்கும் தம்பி. நானும் இசைந்தேன். ஆயினும், கழற்றுமுன் அதன் பழைய குரலை ஒருமுறை செவிமடுக்க மனம் விரும்பியது.

அது ஜாஸ் பேஸ் வகை. ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் அறிமுகப்படுத்திய இவ்வகையில் இரு பிக்கப்புகள் உண்டு. கழுத்துப் பக்கம் உள்ளதை மட்டும் திறந்தால் ஒலி கனிந்து உருண்டு வரும். பின்பக்கம் உள்ளதோ கூர்மையாக, சற்றே மூக்கொலியோடு பேசும். ஜாக்கோ பாஸ்டோரியஸின் தனிக்குரல் அதில் பிறந்ததுதான். நண்பரின் பிரிசிஷன் பேஸையும் வாங்கி ஒப்பிட்டேன். 1957 முதல் அவ்வகையில் இடம்பெறும் இருதுண்டுப் பிக்கப் தடித்த, அழுத்தமான ஒலி தந்தது, இரைச்சலும் இல்லை. ஆனால், அது அண்ணனின் குரலன்று.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருள். தந்தி அதிர்கையில் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒற்றைச் சுருளோ சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடித்துவிடும். இரு பிக்கப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாறியிருந்தால், இரண்டையும் சமமாகத் திறக்கும்போது தந்தியொலி கூடும். ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

ஒலியளவுத் திருகுகள் இரண்டையும் முழுமையாகத் திறந்தேன். இரைச்சல் அடங்கியது!

திருமண விருந்துகளில் வாசித்த நாள்களில் அண்ணன் அவ்விரண்டையும் குறைத்ததே இல்லை. நான் விளையாட்டாக ஒன்றைத் திருப்பினால், “கை வைக்காதேடா” என்று அதட்டுவார். அதைக் கோபமென்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.

ஒரே அளவுக்குள் இரு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிக்கப்புகள் கிடைக்கின்றன. ஒற்றையாகத் திறந்தாலும் அவை இரைவதில்லை. எனினும், வேண்டாமென்று தம்பியிடம் கூறிவிட்டேன். தந்திகளுக்கு மிக நெருங்கியிருந்த முன்பிக்கப்பை மட்டும் திருகாணியால் சற்றே தாழ்த்தி, இரண்டின் ஒலியையும் சமன்செய்தேன். செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

திருகுகள் இரண்டும் இப்போது முழுமையாகத் திறந்தே இருக்கின்றன. மகனையும் தொடவிடுவதில்லை, காரணத்தை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.